ஆளுக்கொரு வீடு இருக்கும் தம்பதி இன்னொரு வீடு வாங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. தை, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு ஒரே மாதிரியான கேள்வி வரும். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே ஒரு ஃபிளாட் வாங்கிவிட்டார். பெண் பெயரிலும் அவளுடைய அப்பச்சி (அப்பா) ஒரு வீடு எழுதி வைத்திருக்கிறார். இப்போது இருவரும் சேர்ந்து வாழ மூன்றாவதாக ஒரு வீடு பார்க்கிறார்கள். அரசாங்கம் அதற்கு எவ்வளவு பிடுங்கும்?

பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. புள்ளி வரி அப்படித்தான் போடுவார்கள், கணவனுக்குத் தனி, மனைவிக்குத் தனி என்று கிடையாது. நம் ஊர் வருமான வரித்துறை அப்படி எண்ணுவதில்லை. அதற்கு ஆள் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. நம் பிள்ளைகள் போய் வீடு வாங்கும் லண்டனில் கோயில் கணக்குதான், ஜோடி ஒரு புள்ளி. சிங்கப்பூரில் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் புள்ளி. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த எண்ணிக்கை வித்தியாசத்தில் பிறந்தவை. எண்கள் எல்லாம் 2025-ஆம் ஆண்டு இறுதி நிலவரப்படி.

எங்களிடம் ஏற்கெனவே இரண்டு வீடு. காரைக்குடியில் மூன்றாவது வாங்கினால் முத்திரைத் தீர்வை கூடுமா?

கூடாது. தமிழ்நாட்டில் முதல் வீடா, ஐந்தாவது வீடா என்று சார்பதிவாளர் கேட்பதே இல்லை. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதோடு சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2. மொத்தம் 9 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அதைப் பாதியாக்கிவிட்டு, வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பை) பழைய 2017 நிலைக்கு உயர்த்தினார்கள். ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்கிக்கொண்டது போல.

புதிய அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியவரிடமிருந்து நேரடியாக வாங்கினால் சலுகை விகிதம் உண்டு. காரைக்குடிப் பக்கம் அது அதிகம் இல்லை. மதுரை, திருச்சியில் வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி மதிப்பு குறைவு, பேசிய விலை அதிகம். எதற்குத் தீர்வை?

எது அதிகமோ அதற்கு. விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். தீர்வையில் மிச்சம் பிடித்ததைவிட, பிறகு விற்கும்போது மூலதன ஆதாய வரியில் (விற்ற லாபத்துக்கான வரியில்) அதிகம் இழப்பீர்கள், ஏனென்றால் நீங்கள் வாங்கிய விலையே பத்திரத்தில் குறைவாக நிற்கும். தலைகீழ் நிலையும் உண்டு: வழிகாட்டி மதிப்பைவிட மலிவாக வாங்கினால், வித்தியாசம் 50 ஆயிரத்தையும் விலையில் 10 சதவீதத்தையும் தாண்டும்போது அந்த வித்தியாசம் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்படும்.

யார் பெயரில் வாங்குவது நல்லது? அவர் பெயரா, என் பெயரா, இருவர் பெயரிலுமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். “பெண் பெயரில் வாங்கினால் லாபம்” என்று பத்திரம் எழுதுகிற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அந்த லாபம் என்ன என்று பார்த்தால், 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதிகபட்சம் 10 ஆயிரம் ரூபாய். புறநகரில் ஒரு மனை வாங்கினால் சரி. 40 லட்ச வீட்டுக்கு அது கிடையாது.

உண்மையில் பார்க்க வேண்டியது, பணம் யாருடையது என்பதை. கணவர் பணத்தில் மனைவி பெயருக்கு வீடு வாங்கி, அதை வாடகைக்கு விட்டால், அந்த வாடகை கணவரின் வருமானத்தோடுதான் சேரும். பின்னாளில் விற்றால் ஆதாயமும் அப்படியே. மனைவியின் சம்பளம், அவளுடைய சீதனம், அவள் அப்பச்சி கொடுத்த பணம் என்றால் அது அவளுடையது, சேராது. அதனால் சீதனப் பணத்தை அவள் பெயரிலுள்ள தனிக் கணக்கில் வைத்திருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். கணவர் கணக்கில் போட்டுக் கலந்துவிட்டு, பத்து வருடம் கழித்து எது யாருடையது என்று கேட்டால் முறைச்சிட்டையைத்தான் (கல்யாணச் சீர் எழுதிய பட்டியலை) தேட வேண்டும்.

இருவர் பெயரிலும் வாங்குவது பெரும்பாலான வீடுகளுக்கு நல்லது. ஆனால் பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பணம் 70க்கு 30 என்று போட்டிருந்தால் பங்கையும் 70க்கு 30 என்று எழுதலாம். எழுதாமல் விட்டு, யார் எவ்வளவு போட்டார் என்றும் காட்ட முடியாவிட்டால் பாதிப் பாதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கடன் வாங்கியிருந்து, பழைய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டுக்கு இருவரும் ஆளுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு பெறலாம். அதற்கு இருவரும் உரிமையாளராகவும் இருக்க வேண்டும், கடன் வாங்கியவராகவும் இருக்க வேண்டும். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவு இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே வருங்கால மனைவிக்கு எழுதிவிட்டால் அந்த வருமானத்தை என்னோடு சேர்க்க முடியாதாமே?

யாரோ கெட்டிக்காரர் சொல்லியிருக்கிறார். உண்மைதான், சொத்தைக் கொடுக்கும்போதே கணவன் மனைவியாக இருந்தால்தான் அந்தச் சேர்ப்பு விதி பாயும். ஆனால் திருப்பூட்டுக்கு (தாலி கட்டுவதற்கு) முன்னால் அவள் சட்டப்படி உங்களுக்கு உறவு இல்லை. எனவே குடும்பத்தாருக்கான மலிவான செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) தீர்வை கிடைக்காது, முழுத் தீர்வை கட்ட வேண்டும். கல்யாணப் பரிசு என்று காட்ட முடியாவிட்டால் அவளுக்கு வருமான வரியும் வரலாம். ஒன்றில் தப்பி இரண்டில் மாட்டுவது.

ஏற்கெனவே உள்ள வீட்டை மனைவிக்கு செட்டில்மெண்ட் செய்துவிட்டு, என் கணக்கில் வீடே இல்லை என்று காட்டலாமா?

செட்டில்மெண்ட் செய்வது எளிது. குடும்பத்துக்குள் என்றால் தீர்வை 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பட்டாவும் மாறிவிடும். ஆனால் பணம் வாங்காமல் மனைவிக்கு மாற்றிய வீட்டின் வருமானத்துக்கு வருமான வரிச் சட்டம் உங்களையே உரிமையாளராக வைத்துக் கணக்கிடும். அன்போடு எழுதிக் கொடுப்பதானால் எழுதுங்கள். வரிக்காக வேண்டாம்.

மூன்று வீடு வந்துவிட்டால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை வருவதாக வைத்து வரி போடுவார்களா?

ஒருவருக்கு இரண்டு வீடு வரை அந்தக் கவலை இல்லை. நீங்களே குடியிருந்தாலும், வேறு காரணத்தால் குடியிருக்க முடியாமல் பூட்டி வைத்திருந்தாலும் இரண்டுக்கும் வருமானம் பூஜ்யம். மூன்றாவதிலிருந்துதான் கற்பனை வாடகை. இது ஆளுக்கு இரண்டு என்பதால் தம்பதிக்கு நான்கு வரை போகும். ஆளுக்கொரு பழைய வீடும் சேர்ந்து ஒரு புது வீடும் என்றால் ஒருவர் கணக்கில் இரண்டுதான். உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

விலை 60 லட்சம். நாங்கள் இரண்டு பேர் வாங்குகிறோம், ஆளுக்கு 30 லட்சம்தான். டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் வாங்குபவர் பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டுமா?

பிடிக்க வேண்டும். 50 லட்சம் என்ற வரம்பு சொத்து முழுவதற்கும். 2024 அக்டோபர் 1 முதல் வாங்குபவர் எத்தனை பேர், விற்பவர் எத்தனை பேர் என்றாலும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். 1 சதவீதம், 60 ஆயிரம் ரூபாய்.

தொகையை விடுங்கள், படிவம்தான் தலைவலி. வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். பள்ளத்தூரில் ஒரு பழைய வளவு வீட்டை (முற்றம் வைத்த செட்டிநாட்டுப் பெரிய வீடு) கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்ட பங்காளிகள் பன்னிரண்டு பேர். இருபத்து நான்கு படிவம்! அதில் இரண்டு ஐயாக்களுக்கு (தாத்தாமாருக்கு) பான் கார்டே இல்லை. பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு பான் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பத்திரம் எழுதினோம்.

விற்கிற பங்காளி சிங்கப்பூரில் இருக்கிறார். அதே 1 சதவீதம்தானே?

இல்லை. செட்டிநாட்டில் வீடு வாங்கும் புதுத் தம்பதிகள் அதிகம் சறுக்கும் இடம் இது. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் 1 சதவீத விதியே பொருந்தாது, 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. நீண்டகால ஆதாயம் என்றால் 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ், தேவைப்பட்டால் சர்சார்ஜும். அதுவும் ஆதாயத்தின் மீது அல்ல, முழு விற்பனைத் தொகையின் மீதே பிடிப்பது வழக்கம். விற்பவர் வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்கி வந்தால் அந்த விகிதத்தில் பிடிக்கலாம். 2025 நிலவரப்படி நீங்கள் டான் எண் (வரி பிடிப்பவருக்கான கணக்கு எண்) எடுக்க வேண்டும்.

பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டீர்களா? அவர் விமானம் ஏறிப் போய்விடுவார். வரித்துறை உங்கள் கதவைத்தான் தட்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, “நம்ம பெரியப்பச்சி மகன்தானே, அவங்க கட்டிப்பாங்க” என்று விட்டுவிட்டு, பிறகு வட்டியோடு கட்டினார். உறவு உறவாக இருக்கட்டும், டிடிஎஸ் பிடித்துவிடுங்கள். அதிகம் பிடித்தாலும் அவர் இங்கே கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

ஒரு வீட்டை விற்றுத்தான் புதிதை வாங்கப் போகிறோம். ஆதாயத்துக்கு வரி?

வீட்டை விற்று வீடு வாங்கினால், விற்பதற்கு முந்தைய ஓராண்டுக்குள்ளோ விற்ற பின் இரண்டாண்டுக்குள்ளோ வாங்கியிருந்தால், அல்லது மூன்றாண்டுக்குள் கட்டி முடித்தால், போட்ட அளவுக்கு வரி இல்லை. விற்றவர் பெயர் புதுப் பத்திரத்தில் கட்டாயம் இருக்கட்டும். கணவர் வீட்டை விற்று மனைவி பெயரில் மட்டும் வாங்கிவிட்டு வாதாடி வெல்வோரும் இருக்கிறார்கள், ஆனால் வாதாட வேண்டும்.

வீட்டை அல்லாமல் மனையையோ நகையையோ பங்குகளையோ விற்று வீடு வாங்கினால் வேறு விதி. விற்கும் நாளில், புது வீட்டைத் தவிர உங்கள் பெயரில் ஒரு வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கே கணவர் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. அவள் பெயரில் மூன்று வீடு இருந்தாலும் உங்களைப் பாதிக்காது.

சரி, பூர்வீக வீட்டில் பதினாறில் ஒரு பங்கு இருந்தால் அதை ஒரு வீடு என்று எண்ணுவதா? செட்டிநாட்டில் இந்தக் கேள்வி இல்லாத ஆளே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2012-இல், கணவரோடு கூட்டாக வைத்திருக்கும் வீட்டைத் தனி வீடாக எண்ண முடியாது என்று வரி செலுத்துவோருக்குச் சாதகமாகச் சொன்னது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்கு எதிரான நிலை எடுத்திருக்கிறது. நாம் சென்னைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் நம் பக்கம் வலு அதிகம். பெங்களூரில் வேலை பார்த்து அங்கே கணக்குத் தாக்கல் செய்யும் பிள்ளைகள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆதாய வரி விகிதம் 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் காட்டுவது) இல்லாமல். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலமோ கட்டிடமோ என்றால், இந்தியாவில் வசிப்பவர் பழைய முறையில் 20 சதவீதம், குறியீட்டுச் சலுகையோடு என்று போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் எல்லாம் வேறு. அதனால்தான் இங்கே ஒரு பிரிவு எண்ணும் எழுதவில்லை.

மகன் லண்டனில். அவனுக்கு அங்கே ஒரு ஃபிளாட், மருமகளுக்குக் காரைக்குடி சுப்பிரமணியபுரத்தில் ஒரு வீடு. இப்போது அங்கே பெரிய வீடு வாங்குகிறார்கள். “கூடுதல் தீர்வை” என்கிறார்களே, அது என்ன?

இங்கிலாந்தில் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர் இன்னொன்று வாங்கினால் வழக்கமான ஸ்டாம்ப் டூட்டிக்கு மேல் விலை முழுவதிலும் 5 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2016-இல் 3 சதவீதமாகத் தொடங்கியது, 2024 அக்டோபர் 31-இல் 5 ஆக்கிவிட்டார்கள். 5 லட்சம் பவுண்ட் வீட்டுக்கு வழக்கமான தீர்வை 15 ஆயிரம் பவுண்ட். கூடுதல் வந்தால் 40 ஆயிரம். காரைக்குடியில் ஒரு வீட்டுக்கான பணம் தீர்வையிலேயே போய்விடும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் தனி விதிகள். ஸ்காட்லாந்தில் கூடுதல் 8 சதவீதம்.

முன்னே சொன்ன புள்ளிக் கணக்கு இங்கேதான் வருகிறது. சேர்ந்து வாழும் கணவன் மனைவி அங்கே ஒரே புள்ளி. மகன் பெயரில் மட்டும் பத்திரம் எழுதினாலும், மருமகளும் வாங்குபவராக இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் தீர்வை போடுவார்கள். அவள் காரைக்குடியில், அவன் லண்டனில் என்று தனித்தனி ஊரில் இருப்பதைப் பிரிந்து வாழ்வதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும். கல்யாணமாகாமல் சேர்ந்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பத்திரத்தில் பெயர் உள்ளவர் கணக்கு மட்டும்தான். இதைச் சொன்னால் ஆச்சிமார் முகம் சுளிப்பார்கள். சட்டம் அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய.

ஆனால் சுப்பிரமணியபுரம் வீடு இந்தியாவில்தானே இருக்கிறது?

உலகத்தில் எங்கே இருந்தாலும் எண்ணுவார்கள். அந்த உரிமையின் மதிப்பு 40 ஆயிரம் பவுண்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் கணக்கில் வரும். நம் பணத்தில் 45 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் இடையில்.

அப்படியானால் தப்பவே வழி இல்லையா? மகன் அவன் ஃபிளாட்டை விற்றுவிட்டுத்தான் வாங்குகிறான்.

வழி இருக்கிறது. குடியிருந்த வீட்டை விற்றுக் குடியிருக்கவே இன்னொன்று வாங்கினால் கூடுதல் தீர்வை இல்லை, வேறு எத்தனை வீடு வைத்திருந்தாலும். ஆனால் ஜோடியில் இருவரும் அந்த நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும். விற்ற வீடு, வாங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் எப்போதாவது இருவருக்குமே முதன்மை இருப்பிடமாக இருந்திருக்க வேண்டும்.

மகன் பத்து வருடமாக அந்த ஃபிளாட்டில் இருந்தான். மருமகள் கல்யாணம் முடித்துப் போய் ஓராண்டு அதே ஃபிளாட்டில் அவனோடு குடித்தனம் செய்தாள். பிறகு அதை விற்றுப் புது வீடு வாங்கினார்கள். இருவருக்குமே பழைய இருப்பிடத்துக்குப் பதில் புது இருப்பிடம். சுப்பிரமணியபுரம் வீடு இருந்தாலும் கூடுதல் தீர்வை இல்லை.

இப்போது வேறு மாதிரி. மகன் அவசரப்பட்டுக் கல்யாணம் முடிந்த மாதமே ஃபிளாட்டை விற்றுவிட்டான். மருமகள் விசா வந்து நேராகப் புது வீட்டில்தான் கால் வைக்கிறாள். அவள் அந்தப் பழைய ஃபிளாட்டில் இருந்ததே இல்லை. அவளைப் பொறுத்தவரை இது மாற்று வீடு ஆகாது. காரைக்குடி வீடு அவளிடம் இருக்கிறது. 5 சதவீதம் விழும், முழு விலைக்கும். அவள் பெயரை விட்டுவிட்டு எழுதினாலும் விழும்.

அங்கேயே இருவருக்கும் தனித்தனி ஃபிளாட் இருந்து, ஒன்றை விற்று மற்றதை வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். விற்கப் போகும் ஃபிளாட்டில் முதலில் இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்துங்கள். கரண்ட் பில், வங்கிக் கடிதம், டாக்டர் பதிவு எல்லாம் அந்த முகவரிக்கு மாறட்டும். பெயருக்கு இரண்டு வாரம் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் குடித்தனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் புதிதை வாங்கிவிட்டுப் பழையதைப் பின்னால் விற்றால் கூடுதலை முதலில் கட்டிவிட வேண்டும். மூன்று ஆண்டுக்குள் பழைய இருப்பிடத்தை விற்றால், அதே நிபந்தனைகளோடு, திரும்பக் கேட்கலாம். விற்ற நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்டுவிடுவது பாதுகாப்பு.

எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் மகனுக்கு எட்டில் ஒரு பங்கு. அதையும் லண்டனில் எண்ணுவார்களா?

முழு வீட்டின் விலையைப் பார்க்காமல், அவன் பங்கின் மதிப்பைப் பாருங்கள். 3 கோடி வீட்டில் எட்டில் ஒன்று என்றால் 37 லட்சத்து 50 ஆயிரம். 40 ஆயிரம் பவுண்டுக்குக் கீழே. தப்பித்தான். 5 கோடி என்றால் மாட்டுவான். இன்னொரு விலக்கும் உண்டு: வாரிசாக வந்த பங்கு, கணவன் மனைவி பங்கு சேர்ந்து பாதிக்கு மேல் இல்லாவிட்டால், வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு எண்ண மாட்டார்கள்.

மருமகளையும் கேட்டீர்களா? “எனக்கு அங்கே ஒன்றுமில்லை, அதெல்லாம் அண்ணன்மாருக்கு” என்பாள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு, சட்டம் வந்துவிட்டது. 2005-இல் இந்தியா முழுக்க வந்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. அதனால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியாத வரை அவளுக்கும் பங்கு இருக்கலாம். அந்த ஊர் வழக்கறிஞரிடம் இதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக விட்டுக்கொடுத்தது இங்கே ஊருக்குப் போதும், லண்டனில் போதாது.

சிங்கப்பூரில்?

விகிதம் பயங்கரம், விதி எளிது. 2011-இல் கொண்டுவந்த கூடுதல் தீர்வை, 2023 ஏப்ரல் 27 முதல் இப்படி: குடிமகனுக்கு முதல் வீட்டுக்கு இல்லை, இரண்டாவதுக்கு 20 சதவீதம், மூன்றாவதிலிருந்து 30. நிரந்தரவாசிக்கு 5, 30, 35. இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை அனுமதியில் இருப்பவருக்கு முதல் வீட்டுக்கே 60 சதவீதம்.

பத்திரத்தில் பெயர் உள்ளவர்களை மட்டும்தான் பார்ப்பார்கள். மனைவிக்கு ஒரு வீடு இருக்க, கணவர் தன் பெயரில் மட்டும் முதல் வீடு வாங்கினால் அவர் விகிதம்தான். இருவர் பெயரும் சேர்ந்தால் யாருடைய விகிதம் அதிகமோ அது. ஆளுக்கொரு வீடு இருக்கும் குடிமக்கள் தம்பதி 15 லட்சம் டாலர் வீட்டைச் சேர்ந்து வாங்கினால் 3 லட்சம் டாலர் கூடுதல். இது வழக்கமான தீர்வையான 44,600 டாலருக்கு மேல்.

குடிமகன் ஒருவராவது உள்ள தம்பதியிடம் ஒரே ஒரு வீடு இருந்து, இரண்டாவதை இருவர் பெயரிலும் வாங்கி, முதலாவதை ஆறு மாதத்துக்குள் விற்றால் கட்டிய கூடுதலைத் திரும்பக் கேட்கலாம். பெயரைப் பிரித்து எழுதும் வேலையில் இறங்குகிறவர்கள், 99க்கு 1 என்று பங்கு போட்டு வாங்கியதைச் சிங்கப்பூர் வரித்துறை 2023-இல் தேடித் தேடிப் பிடித்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வீட்டுப் பங்கைச் சிங்கப்பூரில் எண்ணுவார்களா?

இந்தக் கூடுதல் தீர்வைக்கு எண்ண மாட்டார்கள். சிங்கப்பூரில் உள்ள குடியிருப்புகள் மட்டும்தான். பள்ளத்தூரில் அரண்மனையே இருந்தாலும் அவர்களுக்கு நீங்கள் வீடில்லாதவர்.

இதைக் கேட்டு நிம்மதியாகிற பிள்ளைகள் அடுத்து அரசு வீடமைப்புக் கழகத்தின் (எச்டிபி) புது ஃபிளாட்டுக்கு மனுப் போடுவார்கள். அங்கே நிலைமை வேறு. வெளிநாட்டில் தனியார் வீடு வைத்திருந்தாலும், மனுப் போடுவதற்கு முந்தைய 30 மாதத்துக்குள் விற்றிருந்தாலும் தகுதி இல்லை. வாரிசாக வந்ததும் அதில் அடக்கம். தேவகோட்டையில் ஐயா விட்டுப்போன பங்கு இருப்பதை மனுவில் எழுதாமல் விட்டுவிட்டு, பின்னால் தெரியவந்தால் ஃபிளாட்டே போய்விடும்.

பங்கின் மதிப்பை எப்படிப் போடுவது? ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குத் தூண் எல்லாம் சேருமா?

கட்டிடத்தோடு பொருத்தியிருப்பது எல்லாம் சேரும். தூண், நிலை, கதவு, தரை ஓடு எல்லாம் வீட்டின் விலைதான். கழற்றி எடுத்துப் போகிற பாத்திரம், ஊஞ்சல், ரவிவர்மா படம் இவையெல்லாம் சேராது. வழிகாட்டி மதிப்பு பெரும்பாலும் மனைக்குத்தான் பேசும், அதனால் அதை மட்டும் காட்டினால் லண்டனில் ஏற்க மாட்டார்கள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டி, முழு வீட்டுக்கும் ஒன்று, பங்குக்கு ஒன்று என்று இரண்டு மதிப்பையும் எழுதி வாங்குங்கள். பங்கு மட்டும் தனியாக விற்றால் அந்த விலை போகாது என்பதையும் அவர் எழுதட்டும், அது உண்மைதானே. பதினாறு பேர் சாமி கும்பிட வருகிற வீட்டில் ஒரு பங்கை வெளியாள் யார் வாங்குவார்?

அதோடு வில்லங்கச் சான்று, பழைய பாகப் பத்திரம் இருந்தால் அதன் நகல், பங்காளிகள் பெயர் வரிசை. வம்சாவளி எழுதிய ஏடு யார் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்முற்றப் பகுதியில்), சாவி தொலைந்த பெட்டியில்தான் இருக்கும்.